பழைய கேம்பர் வேன்: உள்வேலை முதலிலா, துரு முதலிலா?

கேள்வி: பிப்ரவரி 2, காலை

1973 ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 1600 சிசி எஞ்சின், மேலே தூக்கித் திறக்கும் கூரை, உள்ளே பழைய அலமாரிகளின் மிச்சம். பதினொரு ஆண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டி என்றாலும் பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கிறது. பேட்டரியை மாற்றியதும் எஞ்சின் ஓடிவிட்டது. போன வாரம் ஓட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்பக்கத் தரைவிரிப்பு மட்டும் சற்று ஈரமாக இருக்கிறது. பிளைவுட் பதித்து, படுக்கையும் அலமாரியும் செய்து, பயணம் கிளம்பிவிட்டு, துரு வேலையை வரும் ஆண்டுகளில் நிதானமாகப் பார்க்கலாம் என்பது என் திட்டம். கண்ணுக்குத் தெரியாத துருவுக்காக ஆறு மாதம் வண்டியை நிறுத்திவைப்பது வீண் என்று நினைக்கிறேன். தவறா?

பதில்: பிப்ரவரி 2, இரவு

தவறு. கொட்டகையில் பதினொரு ஆண்டுகள் நின்ற வண்டியின் தரை இப்போது ஈரமாக இருக்கிறது என்றால், அது நீங்கள் ஓட்டிவந்த வழியில் பெய்த மழையாகத்தான் இருக்க வேண்டும். ஒரே பயணத்தில் அவ்வளவு நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பிப்ரவரி 3

ஒற்றைச் சொல்லில் தவறு என்று எழுதியது எனக்கே உறுத்துகிறது, ஏனென்றால் நீங்கள் சொல்லும் வரிசையில்தான் நானும் செய்தேன். என்னுடையது 1972 ஆம் ஆண்டு வண்டி. மூன்று மாதம் மரவேலை செய்தேன். அலமாரிக் கதவுகளின் விளிம்பைக்கூட மூன்று தர உப்புத்தாள் கொண்டு இழைத்தேன். இரண்டாம் மழைக்காலத்தில் அலமாரியின் அடியில் உள்ளங்கை அளவு கறுப்புத் திட்டு ஒன்று தெரிந்தது. விரலால் அழுத்தியபோது, நனைந்த நோட்டுப் புத்தகம் போல பிளைவுட்டின் அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்தன. அலமாரியைக் கழற்ற நான்கு நாள் ஆனது, ஏனென்றால் ஸ்க்ரூக்கள் எல்லாம் துருவேறித் தலை மழுங்கியிருந்தன. அதன் அடியில் கதவின் கீழாக ஓடும் பெட்டித் தகட்டைக் கம்பித் தூரிகையால் ஒருமுறை தேய்த்தேன். தேய்த்த இடம் தூளாகத் தரையில் விழுந்தது.

நீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று, அழுத்தமில்லாமல் வழியும் குழாய்நீரை வண்டியின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி, ஓர் உயரத்துக்குப் பத்து நிமிடம் வீதம் மேல்நோக்கி நகர்த்திக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எதுவும் விளங்காது. வாட்டர் வாஷ் துப்பாக்கியும் கூடாது, அது மழை ஒருநாளும் போகாத இடத்துக்கெல்லாம் நீரைத் தள்ளும். தரையில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவிவைத்தேன்; நீர் ஓடிய தடம் அதில் கோடாகப் பதிந்தது. அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து போனால், முன்கண்ணாடியின் கீழ் இடது மூலையில் போய் முடிந்தது. அங்கே நுழைந்த நீர் முகப்புத் தகட்டின் உட்புறமாக இறங்கி, தரைத் தகட்டின் பள்ளத்தில் இரண்டு மீட்டர் பின்னால் ஓடி, அலமாரிக்கு அடியில் தேங்கியிருக்கிறது. நான் மாதக்கணக்கில் அலமாரிக்கு மேலிருந்த ஜன்னலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியைக் கழற்றியபோது பீடிங் ரப்பர் ஓரளவு நல்ல நிலையிலேயே இருந்தது. அது உட்காரும் தகட்டு விளிம்புதான் அப்பளமாக உப்பி, ரப்பரைத் தூக்கியிருந்தது. துருப்பிடித்த விளிம்பின் மேல் புதிய பீடிங் போட்டால் அடுத்த மழை வரைக்கும் நிம்மதியாக இருக்கலாம், அவ்வளவுதான். விளிம்பைச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, முழுக்கக் காயவிட்ட பிறகு கண்ணாடியைச் சுற்றி பீடிங்கை மாட்டி, அதன் உள்பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிவிட வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெதுவாக இழுத்தால், ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உட்புறம் வந்து உட்காரும். சோப்புநீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். மூலைகளில் அவசரப்பட்டால் கண்ணாடி விரியும்.

பிப்ரவரி 5

முன் குறிப்பில் எனக்குச் சங்கடமான ஒன்றை விட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன், அந்த மூலையில் ஒரு குழாய் சிலிக்கோனைப் பிதுக்கி அடைத்திருந்தேன். நீர் நுழைவது நிற்கவில்லை. நுழைந்த நீர் வெளியேறும் வழிதான் அடைபட்டது. பிறகு சுரண்டி எடுத்த இடத்தில் பிரைமர் அடித்தால், அது பிடிக்காமல் சிறு சிறு வட்டங்களாக விலகி நின்றது, ஏனென்றால் சிலிக்கோனின் மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் தங்கிவிடுகிறது. பெயிண்ட் ஏறவேண்டிய இடத்தின் பக்கத்தில்கூட அதைக் கொண்டுபோகாதீர்கள். இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் பியூட்டைல் ரப்பர் பட்டை இந்த வேலைக்குப் போதும். தேவைப்படும்போது பிய்த்தும் எடுக்கலாம்.

பிப்ரவரி 9

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். விரிப்பின் அடியில் இருப்பது மேல்துரு மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் தகட்டின் மேல் அடுக்கடுக்காகப் பொருக்கு தெரிகிறது. மேல்துரு இப்படி அடுக்காக வராது.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். சக்கர வளைவுகளின் விளிம்பு, கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு, கூரையோரத்து நீர்வடி, ஜாக்கி கொடுக்கும் இடங்கள், எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு ஆகியவற்றில் காந்தம் எங்கெல்லாம் தயங்குகிறதோ, அங்கெல்லாம் பெயிண்டின் அடியில் பட்டி கனமாகப் பூசப்பட்டிருக்கிறது. கொட்டகை வண்டியின் பெயிண்ட் பளபளத்தால் நான் முதலில் பட்டியைத்தான் சந்தேகிப்பேன். பிறகு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அடித்தகட்டில் நிதானமான அழுத்தத்துடன் குத்திப் பாருங்கள். குத்த மனம் வராது. மனம் வராத இடத்தில்தான் குத்த வேண்டும்.

பிப்ரவரி 10

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியின் எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்று ஆறுதல் கொள்ளலாம்.

பிப்ரவரி 16

துருவை மாற்றும் திரவத்தைத் தடவினால் போதாதா என்ற கேள்விக்கு: போதும் என்றுதான் சில ஆண்டுகள் முன்பு வரை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள அந்தத் திரவம், தான் தொடும் துருவோடு சேர்ந்து கருநிறப் படலமாகிறது. தொடாத துருவை அது ஒன்றும் செய்வதில்லை. பெட்டித் தகட்டின் துரு உட்பக்கத்திலிருந்து வெளியே வருவது. நாம் தடவுவது வெளிப்பக்கத்தில். சுரண்டி, பளிச்சென்ற இரும்பு பெரும்பாலும் தெரிந்த பிறகு, குழிகளில் எஞ்சிய புள்ளிகளுக்கு அது நல்ல மருந்து. ஓட்டைக்கு அது மருந்தே அல்ல. அங்கே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வழியில்லை.

வெல்டிங்கில் நான் செய்த பெரிய பிழை நெருப்போடு தொடர்புடையது அல்ல, ஜாக்கியோடு தொடர்புடையது. வண்டியின் நடுவில் இரண்டு ஜாக்கி மட்டும் கொடுத்து, இடப்பக்கப் பெட்டித் தகட்டை முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் வெட்டி எடுத்துவிட்டேன். புதுத் தகட்டைப் பதித்து, கிரைண்டரால் வழித்து, பெருமையோடு ஜாக்கியை இறக்கினால், பக்கக் கதவு மூடவில்லை. கதவின் பின்மேல் மூலையில் இடைவெளியே இல்லை; கீழ்மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி. வெட்டியபோது உடல் தொய்ந்திருக்கிறது, நான் அந்தத் தொய்வை அப்படியே பற்றவைத்து நிரந்தரமாக்கிவிட்டேன். மறுபடி வெட்டினேன். இரண்டாம் முறை கதவுத் திறப்பின் குறுக்கே இரண்டு இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, நான்கு இடங்களில் தாங்கு கொடுத்து, ஒரு முழம் வெட்டினால் ஒரு முழம் பதிப்பது என்று போனேன்.

தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ கம்பி போட்டு, தொடர்கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளிக்கு அடுத்தது எதிர்முனையில் என்று மாறி மாறி வைத்தால் தகடு வளையாது. முடிந்தபின் உட்பகுதிக்குள் நீண்ட குழல் வழியாகக் குழிமெழுகு, அதாவது துருவைத் தடுக்கும் மெழுகு, பீய்ச்ச வேண்டும். முன்கூட்டியே பீய்ச்சினால் வெல்டிங் சூட்டில் அது பற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி 17

நேற்று எழுத மறந்தவை, எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பேட்டரி இணைப்பை எடுக்காமல் வெல்டிங் தொடாதீர்கள். பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கவே கூடாது. வேலை முடிந்து முகமூடியைக் கழற்றிய பிறகு அரைமணி நேரமாவது வண்டியருகில் இருங்கள், ஏனென்றால் கூரைத் துணிக்குப் பின்னால் இருக்கும் பழைய பஞ்சு உடனே எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். எனக்கு அது நடந்தது. ஒரு வாளி நீரோடு போயிற்று.

மார்ச் 1

எஞ்சின் ஓடுகிறது என்பதை வண்டி ஓடத் தகுதியானது என்று படித்துவிடாதீர்கள். இந்த வண்டிகள் தீப்பிடித்து எரிவதற்கு முதன்மையான காரணம், டேங்கிலிருந்து எஞ்சின் அறைக்குள் வரும் பெட்ரோல் ஹோஸ். துணி உறை போட்ட பழைய ஹோஸில் வெடிப்பு வெளியே தெரியாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் விரைவாகக் கெடுக்கும். எல்லா ஹோஸ்களையும் கிளிப்புகளையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் எத்தனாலைத் தாங்கும். நீங்கள் வீடு வரை ஓட்டிவந்ததை நினைத்தால் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது பிரேக். நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக் ஹோஸின் உட்குழல் வீங்கி, ஒருவழி வால்வு போல நடந்துகொள்ளும்: மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பாது. என் வண்டி வலப்பக்கம் இழுத்தபோது நான் பிரேக் கட்டைகளை அழுத்தும் காலிப்பரைப் பிரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்; குற்றவாளி ஹோஸ்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரமேறிய நிலைக்கு அதே விதி 155 டிகிரிதான் கேட்கிறது. மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் மிதிகட்டையில் தெரியும். பின்சக்கர டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள், பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

மார்ச் 3

வால்வு இடைவெளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் எஞ்சினுக்கு 0.15 மி.மீ; எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பற்றவைக்கும் வரிசை 1, 4, 3, 2 என்பதால், முதல் சிலிண்டரில் தொடங்கி கிராங்க்கை ஒவ்வொரு தடவையும் எதிர்த்திசையில் அரைச்சுற்று திருப்பினால் 1, 2, 3, 4 என்று எளிய வரிசையில் வந்துவிடும். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது சத்தம் இல்லாமல் போகும்போதுதான்: இடைவெளி இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல், சத்தமே போடாமல் எரிந்துபோகும். ஆயில் மாற்றும்போதெல்லாம், அதாவது 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இதையும் பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சினில் இரண்டரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும், அதற்கு ஒரு சல்லடை உண்டே தவிர ஃபில்டர் கிடையாது.

காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்துக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஒரு ரப்பர் ஓரம் ஓடும். பலரும் அதை வெறும் தூசித் தடுப்பு என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், கீழே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடி மேலே இழுத்து எஞ்சினுக்கு ஊட்டும்.

மார்ச் 4

ஹீட்டரைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். சைலன்சருக்குப் போகும் சூடான குழாய்களைச் சுற்றி ஓடிய காற்றுதான் கேபினுக்குள் வருகிறது. அந்தக் குழாய்கள் துருவேறி ஓட்டையாகியிருந்தால் கதகதப்போடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புதிதாக மாற்றும் வரை ஹீட்டரைத் திறக்காதீர்கள். வண்டியில் நீங்கள் வாங்கும் முதல் புதிய பொருள் அந்த வாயுவுக்கான அலாரமாக இருக்கட்டும்.

மார்ச் 12

எஞ்சினைப் பின்னால் வைத்து அதன் மேல் படுக்கையை வைத்த புண்ணியவான் யார் என்று சலித்துக்கொண்டிருந்தீர்கள். 1947 இல் டச்சு வணிகர் பென் போன் இந்த வேனுக்காகத் தன் குறிப்பேட்டில் வரைந்த படத்திலேயே ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், நடுவில் சரக்கு என்றுதான் இருக்கிறது. உற்பத்தி 1950 இல் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் அதற்குள் படுக்கையையும் பெட்டிகளையும் பொருத்தத் தொடங்கிவிட்டது. அந்த முதல் பெட்டிகள் கழற்றி வெளியே வைக்கக்கூடியவை. வாரநாளில் சரக்கு, விடுமுறையில் படுக்கை. நம் இருவரையும்விட விவரமான ஏற்பாடு. உங்கள் வண்டியின் வழிவந்த கொம்பி பிரேசிலில் 2013 வரை தயாரானது, கடைசி சில ஆண்டுகள் மட்டும் தண்ணீரால் குளிரும் எஞ்சினோடு.

இதை வேடிக்கைக்காக எழுதத் தொடங்கினேன், ஆனால் எழுதும்போதே தோன்றுகிறது: உங்கள் அலமாரியையும் எட்டு போல்ட்டில் கழன்று வரும்படி செய்யுங்கள். எனக்கு நான்கு நாள் பிடித்த வேலை அரைமணியில் முடிந்திருக்கும்.

மார்ச் 20

வெப்பத்தடுப்பு பற்றி என் கருத்து இரண்டு முறை மாறியிருக்கிறது. முதலில் கண்ணாடிக் கம்பளியை எல்லா இடுக்கிலும் திணித்தேன். அது மூச்சில் வந்த ஈரத்தைக் குடித்துத் தகட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பிறகு தகட்டில் ஒட்டும், நீர் குடிக்காத மூடிய துளை ஃபோமுக்கு மாறினேன். அதிலும் உற்சாகம் மிகுந்து, கதவின் அடிவரை அடைத்துவிட்டேன். கதவுக் கண்ணாடி ஓரமாக இறங்கும் நீர் வெளியேற, கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றை நானே மூடியிருந்தேன். திரும்பும்போது கதவுக்குள் நீர் சலசலப்பதைக் கேட்டுத்தான் தெரிந்தது. ஒரு குச்சியால் குத்தியதும் கால் வாளி வந்தது.

ஏப்ரல் 2

வயரிங். ஸ்டார்ட்டர் பேட்டரியோடு வீட்டுச் சாமான்களைக் கோக்காமல் இரண்டாவது பேட்டரி வையுங்கள். ஈய பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் ஏறத்தாழ பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் உரசும் வயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை. வயர் கனம் முக்கியம்: 5 மீட்டர் தூரத்திலுள்ள ஃப்ரிட்ஜுக்கும் விசிறிக்கும் சேர்த்து 10 ஆம்பியர் என்றால், 1.5 சதுர மி.மீ செம்பு வயரில் 0.58 வோல்ட் இழப்பு. அவ்வளவு மோசமில்லை.

ஏப்ரல் 3

மோசம்தான். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் திரும்பியும் வர வேண்டும் என்பதை மறந்து, போகும் வயரை மட்டும் கணக்கிட்டிருக்கிறேன். வயரின் நீளம் 10 மீட்டர், இழப்பு 1.17 வோல்ட். பன்னிரண்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகப் போய்விடும். பேட்டரி பாதி இறங்கியதும் ஃப்ரிட்ஜ் வோல்டேஜ் போதவில்லை என்று நின்றுவிடும். 4 சதுர மி.மீ போட்டால் 0.44, 6 போட்டால் 0.29. என் வண்டியில் ஃப்ரிட்ஜ் நள்ளிரவில் அணைந்துகொண்டிருந்த மர்மம் இப்போதுதான் விளங்குகிறது, ஆறு ஆண்டு கழித்து.

ஏப்ரல் 9

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டி உட்பக்கம் முழுக்க மூடியதாகவும், அதன் அடியில் வெளியே திறக்கும் துளை உள்ளதாகவும் இருக்க வேண்டும். குளிர்காற்று வருகிறது என்று அந்தத் துளையைத் துணியால் அடைப்பவர்கள் உண்டு.

ஏப்ரல் 27

தரை முழுக்கப் பற்றவைத்து, பெயிண்டும் அடித்துவிட்டேன், இனி பிளைவுட் போடலாமா என்று கேட்கிறீர்கள். படத்தில் வெல்டிங் புள்ளிகள் என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கின்றன. தரையை வெறுமையாகவே விட்டு, நல்ல மழை நான்கைந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். அதுவரை உள்ளே ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். நானே அப்படி ஒரு கோடை முழுவதும் பயணம் போயிருக்கிறேன், அதுதான் அந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த கோடை.

மே 6

இரவெல்லாம் மழை. காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு போய், என் வண்டியின் முன்பக்க விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கம் உலர்ந்திருந்தது. வலப்பக்க மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஈரம். சுண்ணக்கட்டித் தூளைத் தூவிவிட்டு வந்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கயிற்றை இழுக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.